384 பேரிடம் கேட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்ட் பருவம் வந்தாலே வாட்ஸ்அப்பில் கருத்துக்கணிப்புக்கான கூகுள் ஃபார்ம் இணைப்புகள் குவிகின்றன. பலவற்றில் முதல் கேள்வியிலேயே கோளாறு. வயதுக்கு 20–30, 30–40 என்று கட்டம் போட்டால் முப்பது வயதுக்காரர் எதைத் தொடுவார்? 20–29, 30–39 என்றல்லவா பிரிக்க வேண்டும்! ‘பேருந்து வசதியும் கட்டணமும் திருப்தியா?’ என்பது இரண்டு கேள்வி. வசதி பிடித்து, கட்டணம் பிடிக்காதவர் எதைச் சொன்னாலும் பாதிதான் உண்மை.

ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி தமிழாக்குவது அதைவிட மோசம். ‘எனக்குப் பாதுகாப்பில்லை என்று நான் நினைக்கவில்லை’ என்ற வாசகத்துக்கு ‘உடன்படவில்லை’ என்பவர் என்னதான் சொல்கிறார்? ‘இங்கே பாதுகாப்பாக உணர்கிறேன்’ என்றால் தீர்ந்தது. தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்த்தால் நழுவிய பொருள் தெரிந்துவிடும்.

களத்துக்குப் போகுமுன் அதே வகை மக்கள் பத்துப் பதினைந்து பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘அப்படின்னா?’ என்று அவர்கள் கேட்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். வருமானக் கேள்வி கடைசியில் இருக்கட்டும். முதலிலேயே கேட்டால் ‘எதுக்கு இதெல்லாம்?’ என்று முகம் மாறிவிடும்.

95% நம்பக அளவு, 5% பிழை வரம்புக்கு (அதாவது, நூறு முறை கணக்கெடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் இருப்பதற்கு) 384 பேர் என்ற கணக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்ட மாதிரிக்குத்தான் பொருந்தும். நண்பர் குழுவில் இணைப்பைப் போட்டுத் திரட்டிய 384 பதில்களுக்கு அந்தச் சூத்திரத்தைக் காட்டும் ஆய்வேட்டை வழிகாட்டிகள் கையெழுத்திடாமல் திருப்பியனுப்பலாம்.

— ஆய்வு வழிகாட்டிகள் சிலர், மதுரை