கிண்டி மலருக்கு உன் நாலு வரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச உட்கார்ந்தால் பேரன் உன்னை விடமாட்டேன் என்கிறான், எனக்கும் பாதிப் பேச்சு மறந்துபோகிறது. சேதி நிறைய சேர்ந்துவிட்டது. எழுதினால்தான் ஒழுங்காக வரும். அவன் தூங்கும்போது நிதானமாகப் படி.

கிண்டி பொறியியல் கல்லூரியில் எங்கள் பேட்சின் 40-வது ஆண்டுச் சந்திப்பு நல்லபடியாக நடந்தது. 1985-ல் வெளியே வந்தவர்கள் மட்டும் கூடுவதாகத்தான் முதலில் பேச்சு. பிறகு மூத்தவர்களையும் கூப்பிடுவோம், உங்கள் வயதுப் பிள்ளைகளையும் கூப்பிடுவோம் என்று ஆளாளுக்குச் சொல்லி, கடைசியில் அறுபது வருஷத்துக் கிண்டி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வர்தா புயலில் விழுந்த மரங்கள் எங்கெங்கே நின்றன என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தோம். உன்னைக் கலந்தாய்வுக்குக் கூட்டிவந்த அன்று ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தேன்.

வந்தவர்களில் என் மனசில் நிற்பவர் 1958-ல் சிவில் முடித்த பெரியவர் ஒருவர். ராஜ் ரெட்டி வெளியே போன அதே வருஷம். கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டியும் நம் கல்லூரியில் சிவில்தான் படித்தார் என்று உன் வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தப் பெரியவர் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் வேலை பார்த்தவர். காமராஜர் காலம். மலைக்குள் சுரங்கம் குடைந்து ஓர் அணையிலிருந்து இன்னோர் அணைக்குத் தண்ணீர் கொண்டுபோன வேலை. மைக்கைக் கையில் கொடுத்ததும் அணையைப் பற்றிப் பேசப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: கண்புரை அறுவை இரண்டு கண்ணிலும் முடிந்தது, மனைவி போன ஆனியில் போய்விட்டார், காபி போடக் கற்றுக்கொண்டுவிட்டேன், எங்கள் வகுப்பில் மிச்சமிருக்கும் ஆறு பேரும் மாசப் பிறப்பன்று ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கொள்கிறோம். சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மேடையேறிய எத்தனையோ பேரில் அவருக்குத்தான் கைதட்டல் நிற்கவே இல்லை.

திருவாரூர் மாமாவை உனக்கு நினைவிருக்கும். நெய்வேலியிலிருந்து வரும்போதெல்லாம் உனக்குக் கடலைமிட்டாய் வாங்கி வருவாரே, அவர் 2021 கொரோனாவில் போனது தெரியும். அவருடைய இடத்தில் அத்தை வந்திருந்தார். அவர் பெயரை அழைத்தபோது அத்தை எழுந்து நின்றார். பெரியவள் குழந்தைகள் மருத்துவம் படிக்கிறாள், சின்னவன் திருச்சியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குமேல் யாருக்கும் பேச்சு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், தொழில் தொடங்கியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் கதையெல்லாம் மலரில் வரும், அப்போது படித்துக்கொள்.

மலர் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். சந்திப்பையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். எல்லாப் பேட்சிலிருந்தும் ஆளுக்கு நாலு வரி சேதி. பெண்கள் பக்கத்துச் சேதிகளைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ரிட்டயர் ஆனவள்தானே என்று கொடுத்தார்கள், நானும் ஆசையோடு வாங்கிக்கொண்டேன். முதலில் அனுப்பிய படிவத்தில் பெயர், பிரிவு, ஆண்டு, தற்போதைய பதவி, நிறுவனம் என்று கட்டங்கள். ஆண்கள் அதை நிரப்பி, இடம் போதாமல் தனித்தாளும் இணைத்திருந்தார்கள். பெண்களிடமிருந்து வந்ததில் பாதிக்கும் மேலே கடைசி இரண்டு கட்டமும் காலி.

என் அறைத்தோழி நெல்லைக்காரி மட்டும் கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தாள். தொலைபேசித் துறையில் சேர்ந்து, அது பிஎஸ்என்எல் ஆனபோது அதிலேயே இருந்து, 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியேறினார்களே, அந்தக் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. இப்போது அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். காசு வாங்குவதில்லை. "யாராவது பழைய மினி டிராஃப்டர் வைத்திருந்தால் அனுப்புங்கள், பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்று, நாங்கள் வரைபடம் போட்ட கருவியைக் கேட்டு, கீழே ஒரு குறிப்பு. அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

சேலத்துக்காரிதான் என்னைக் கலக்கிவிட்டாள். எங்கள் வகுப்பில் சர்க்யூட் தியரியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தேர்வுக்கு முந்தின ராத்திரி விடுதியில் அவள் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்போம். பாஸ் பண்ணிய அடுத்த தையில் கல்யாணம், வேலைக்குப் போகவில்லை. படிவத்தில் பெயரை மட்டும் எழுதி, "சொல்ல ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, போன் பண்ணினேன். ஒரு மணி நேரம் பேசினோம். வீட்டுக்காரரின் கொலுசுப் பட்டறைக் கணக்கை அவள்தான் பார்க்கிறாள். படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசி வரைக்கும் தூக்கி உட்கார வைத்தவள் அவள். இரண்டு மகன்கள், ஒருவனுக்குப் பேச்சு வரத் தாமதமானது. அவனை அழைத்துக்கொண்டு வாரா வாரம் பஸ்ஸில் வேலூர் போய் வந்திருக்கிறாள். இப்போது அவன் பேசுகிறான், பாடவும் செய்கிறான். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "மலரில் போட ஏதாவது இருந்தா நீயே போட்டுக்கோ, என் பேருக்குப் பின்னாடி எழுத ஒண்ணுமில்லையே" என்றாள். படித்த படிப்பு உனக்கு அதில் எங்காவது உதவியதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், படிப்பு உதவிய இடம் மட்டும்தான் கணக்கில் வரும் என்று அவள் நினைத்துவிடுவாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டி, சரி சொல்ல வைத்தேன். படிவத்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இப்போது அதில் ஒரே கேள்விதான்: "எப்படி இருக்கிறீர்கள், என்ன நடக்கிறது?"

இனி உன் சேதி. சந்திப்பில் உன் வகுப்புத் தோழி ஒருத்தி வரவேற்பு மேசையில் நின்றாள். விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு கேட்பாளே, அவள்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "ஆன்ட்டி, அவ குரூப்பை விட்டுப் போயி ஒன்றரை வருஷம் ஆச்சு, எதுக்கும் பதில் இல்லை, எங்க மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அப்படியெல்லாம் இல்லை, குழந்தை கைக்குள் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினேன். உனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளையோடு நெதர்லாந்தில் ஐந்தோவன் போன பிறகுதான் விலகினாய். யார் எங்கே மேனேஜர் ஆனார்கள், யார் எந்தச் சிப்பை முடித்தார்கள் என்று தினமும் அதில் வந்துகொண்டிருக்க, உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்கும். நீ சொல்லாவிட்டாலும் அம்மாவுக்குப் புரியும். சேலத்துக்காரி போனில் பேசும்போதெல்லாம் உன் குரல்தான் எனக்குக் கேட்டது.

லலிதா அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். நம் கல்லூரியில் முதலில் படித்த பெண், என் பிரிவுதான், எலக்ட்ரிக்கல். ஆனால் விழா மேடையில் சொல்கிற ஒரு வரியோடு நாம் அவரை விட்டுவிடுகிறோம். 1919-ல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கணவர் இறந்துபோனார், கையில் நாலு மாசக் குழந்தை. அவருடைய அப்பா சுப்பா ராவ் நம் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். குயீன் மேரிஸில் இன்டர்மீடியட் முடித்த மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கேட்க, முதல்வர் சாக்கோ 1940-ல் இடம் கொடுத்தார். தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று இன்னும் பெண்களைத் தேடியதில், கேரளத்திலிருந்து திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவிலுக்கு வந்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆணுக்கு அச்சடித்திருந்ததை மையால் அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். பெண்ணுக்கென்று ஒரு தாள் அச்சடிக்கும் நிலைமை அப்போது வரவில்லை. திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

நான் உனக்குச் சொல்ல வந்தது படிப்பு முடிந்த பிறகு நடந்ததை. லலிதா முதலில் சிம்லாவில் வேலைக்குப் போனார். சகோதரர் ஒருவரின் குடும்பம் அங்கே இருந்தது, குழந்தைக்கு ஒரு வீடு கிடைக்கும் என்பதுதான் காரணம். அதையும் விட்டுவிட்டு அப்பாவின் ஆராய்ச்சிக்குத் துணையாக இருந்தார். பிறகு 1948-ல் கல்கத்தாவில் ஏஇஐ என்ற மின்சாதனக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கேயும் ஒரு சகோதரர் குடும்பம் இருந்தது. பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையில் பங்கெடுத்ததும், 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனதும் அதற்கப்புறம். ஒவ்வொரு திருப்பத்திலும் குழந்தை எங்கே இருக்கும் என்று பார்த்துத்தான் கால் வைத்திருக்கிறார். அப்பா வீட்டில் இருந்த அந்த நாட்களில் 'தற்போதைய பதவி, நிறுவனம்' என்று ஒரு படிவம் நீட்டியிருந்தால் அவரும் காலியாகத்தான் விட்டிருப்பார். இதை வைத்து, நீயும் திரும்ப வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதே. போவதும் போகாததும் உன் இஷ்டம், அம்மா அதில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். காலியாக இருக்கும் வருஷங்களும் அவருடைய வருஷங்கள்தானே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்திப்பில் வேலை செய்ய வந்த மாணவிகளில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மூன்றாம் ஆண்டு. நான் சேர்ந்த காலத்தில் நேர்முகத் தேர்வு இருந்தது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. அது போன பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 2009-ல் நீ சேர்ந்தாய். இவள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல் கொண்டுவந்தார்களே 7.5 சதவீத இடஒதுக்கீடு, அதில் வந்தவள். படிப்புக்கும் விடுதிக்கும் அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி. மத்தியானம் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "மேடம், படிச்சு முடிச்சதும் கல்யாணம்னு வீட்ல சொல்றாங்க. கல்யாணம், குழந்தைன்னு ஆனவங்க எல்லாம் அப்புறம் என்ன பண்றாங்க? நான் பாக்கிறவங்க எல்லாம் பெரிய பதவியில இருக்கிறவங்களாவே இருக்காங்க" என்றாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உன்னையும் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. உங்கள் வயதுக்காரிகள் தங்கள் வாயால் சொல்லி அவள் படிக்க வேண்டும்.

ஆகவே உன் நாலு வரி எனக்கு வேண்டும். வேலையை விட்டதையும் எழுது. அந்த ஊர்க் குளிரில் சைக்கிளில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக் கடைக்குப் போவதை என்னிடம் எவ்வளவு அழகாகச் சொன்னாய், அதை எழுது. டச்சு வகுப்புக்குப் போவதை எழுது. சில நாள் அழுகையாக வருகிறது என்று மார்கழியில் சொன்னாயே, எழுதத் தோன்றினால் அதையும் எழுது. வேண்டாமென்றால் விட்டுவிடு. உனக்குத் துணையாக என் நாலு வரியையும் கீழே வைக்கிறேன், அச்சுக்குப் போகும் முன்னால் நீ பார்த்துவிட்டுச் சொல்:

"மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றேன். 2018-ல் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தபோது மன்னார்குடிப் பக்கம் போய் வேலை பார்த்தேன். கம்பம் தூக்கிய தொழிலாளர்களை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். மகள் பிறந்த பிறகு சம்பளமில்லா விடுப்பில் இருந்த காலத்தில் கோலம் போடக் கற்றுக்கொண்டேன். இப்போது முழங்கால் வலி, காலையில் நடை, பேரனோடு வீடியோவில் பேச்சு."

மாசக் கடைசிக்குள் அனுப்பினால் போதும். என்னிடமே அனுப்பு, நான் சேர்த்துவிடுகிறேன். உன் தோழிக்கு மட்டும் நீயே ஒரு வார்த்தை போடு, அந்தப் பிள்ளை உன்னைத் தேடுகிறாள். அவள் நம்பர் மாறிவிட்டது, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

பேரனுக்கு இருமல் நின்றதா? துளசி அங்கே கிடைக்காது என்றாய், வருகிறவர்களிடம் காய வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார், சர்க்கரை குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வரிகளோடு ஒரு படமும் வேண்டுமாம். பட்டமளிப்பு விழாப் படத்தை அனுப்பாதே, இப்போது எடுத்ததாக அனுப்பு.

அன்புடன்,
அம்மா