துரை கொடுத்த துப்பாக்கி

தக்கலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. முட்டு ஆபரேஷன் முடிந்து கம்பில்லாமல் நடக்கிறாய் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே அம்மா சுகம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் தாடியில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிற அளவுக்குப் பார்வை வந்துவிட்டது. மழை விடாததால் பதினைந்து நாளாக ரப்பர் பால்வெட்டு இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள் மக்கா.

ஏழாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாயே, "இவன் வீட்டுல வெள்ளைக்கார துரையோட துப்பாக்கி இருக்குலே" என்று, அந்தத் துப்பாக்கி இப்போது என் பேரில் இருக்கிறது. அப்பாவின் மரஅலமாரியில் மேல்தட்டு, தோல் உறை, மேலே ஒரு பழைய ஈரிழைத்துண்டு. நாம் நாற்காலி போட்டு ஏறி மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். உனக்கு ஒரு அடி, எனக்கு நாலு.

அப்பா போனபிறகு பதினாறு முடிந்து அலமாரியைத் திறந்தேன். உறையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒக்கிப் புயலன்று, 2017 நவம்பர் 30, பின்பக்கத்துப் பலா மரம் விழுந்து அந்த அறை ஓடு உடைந்ததை உனக்கு எழுதியிருந்தேன். அன்றைக்கு உறை நனைந்திருக்கிறது. அப்பா அதை வெயிலில் காயவைத்து, துப்பாக்கியைத் துடைத்து, மறுபடியும் அதே உறையில் போட்டிருக்கிறார். அதுதான் வினை. தோல் காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட சரக்கின் அமிலமும் அதில் உண்டு. நம் ஊரில் காற்றிலேயே உப்பு, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு. தோல் தொட்ட இடமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. தொடாத இடம் இன்னும் கறுநீலமாகவே இருந்தது. போதாக்குறைக்கு தாத்தா காலத்தில் நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். அது நாள்பட நாள்பட பிசினாகி, தோட்டா போடுகிற உருளை, அதுதான் சிலிண்டர், சுற்றவே மாட்டேன் என்றது.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும், முந்தின ராத்திரி கொஞ்சம் சுத்தமாக்கிக் கொண்டுபோவோமே என்று உப்புத்தாளை எடுத்துக் குழல்மேல் தேய்த்தேன். துரு போயிற்று. கூடவே துரு பிடிக்காமல் இருக்க எஃகில் ஏற்றிய அறுபது வருஷத்து நீலமும் ஒரு விரல் நீளத்துக்குப் போய், வெள்ளி வெளேரென்று பளபளத்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

உரிமக்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நான் கடையில் கொடுத்தேன். அப்புறம் வாரிசு என்று நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீசில் மனு. 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் தர வழி இருக்கிறது. ஆனால் வழி இருப்பதும் நடந்து முடிப்பதும் வேறு வேறு. தங்கைகள் இரண்டு பேரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், டாக்டர் சர்டிபிகேட், பாதுகாப்பாகக் கையாளப் பழகினேன் என்று பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை. பதினொரு மாதம். சின்னவள் கையெழுத்துப் போடும்போது, "அண்ணா, இதுக்குப் பதிலா தோட்டத்துல பங்கு கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்" என்றாள்.

ஒரு விஷயத்தில் தப்பித்தோம். இது இங்கிலாந்து வெப்லி கம்பெனியின் மார்க் 4 ரிவால்வர், தோட்டா அளவு .32. பட்டாளத்துக்காரர்களுடைய பெரிய வெப்லி .455 வகையாகவோ .380 வகையாகவோ இருந்திருந்தால் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு உரிமமே கிடைப்பது அரிது, அந்தத் தோட்டாக்கள் தடைப்பட்டியலைச் சேர்ந்தவை. .32 அப்படி இல்லை. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்கிற .32 ரிவால்வரும் இதே வெப்லி ஜாடைதான், நடுவில் மடிந்து திறக்கும்.

உரிமம் கைக்கு வந்ததும் ரிப்பேருக்கு மதுரையில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். உரிமம் வைத்துக்கொண்டு துப்பாக்கி பழுது பார்க்கிறவர், எழுபதைத் தாண்டியிருக்கும். என் உப்புத்தாள் வேலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நான் புதிதாக நீலம் ஏற்றித் தரச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார். நீலம் ஏற்றுவதற்கு முன்னால் பரப்பை மெருகு போட வேண்டும், மெருகு போட்டால் எழுத்தும் முத்திரையும் மழுங்கிப்போகும், மூலைகள் உருண்டுவிடும். அதற்குப் பிறகு அது பழைய சாமானும் இல்லை, புதிய சாமானும் இல்லை. அதனால் அவர் செய்தது மெதுவான வேலை. முதலில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். நல்லெண்ணெய்ப் பிசின் கரைந்து பழுப்பாக இறங்கியது. துரு உள்ள இடத்தில் எண்ணெய் விட்டு, மயிர்போல மெல்லிய எஃகுப் பஞ்சால், அழுத்தாமல், வட்டம் வட்டமாக. திருகைக் கழற்றவே ஒரு பொழுது ஆயிற்று. திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தும்படி ஸ்க்ரூடிரைவர் முனையை ராவி ராவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார். அப்படியும் ஒன்று உடைந்தது, லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டார். துரு அரித்த குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. அம்மைத் தழும்பு மாதிரி. ஆனால் சிலிண்டரின் ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து அசையாமல் நிற்கிறது. அது நிற்காவிட்டால் சுடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

இனிதான் விஷயம். அழுக்குப் போனதும் குழலடியில் ஒரு கிரீடமும் அதன் கீழ் பி.என்.பி. என்று மூன்று எழுத்தும் தெரிந்தன. இங்கிலாந்தில் பர்மிங்காமில் விற்பனைக்கு முன் அதிக வெடிமருந்து போட்டுச் சுட்டுச் சோதித்து அடிக்கிற முத்திரை. பழைய துப்பாக்கி என்றால் பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனியாக அடித்திருப்பார்களாம். இப்படி ஒன்றாக அடிப்பது 1954 விதிகளுக்குப் பிறகுதான்.

இப்போது நம் கதையை நினைத்துப் பார். 1947-ல் கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் துரை கப்பல் ஏறப் போகும்போது இடுப்பிலிருந்து கழற்றித் தாத்தா கையில் கொடுத்தான். துரை போய் ஏழு வருஷமாவது கழித்துச் செய்த துப்பாக்கியை எப்படிக் கழற்றிக் கொடுத்தான்?

வீட்டுக்கு வந்து பழைய காகிதக் கட்டைப் பிரித்தேன். தாத்தாவின் முதல் உரிமப் புத்தகம் கிடைத்தது. திருவிதாங்கூர் சங்கு முத்திரை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. 1958, அதாவது நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, மதராஸ் மாநிலம் கொடுத்தது. கடையில் புதிதாக வாங்கியது, தோட்டா 25. உறைக்குப் பின்னால் இருந்த டப்பாவில் 19 மிச்சம். ஆக, தாத்தா வாழ்நாளில் சுட்டது ஆறு. அந்த 19-ஐயும் கடையிலேயே கொடுத்துவிட்டேன், அந்த வயசுத் தோட்டாவை நம்ப முடியாது. தாத்தா இந்தத் துப்பாக்கியால் ஒற்றை யானையை விரட்டிய கதையைப் பெரியவரிடம் சொன்னேன். "சத்தத்துக்கு ஓடியிருக்கும். குண்டு பட்டிருந்தா ஈ மொச்சதுன்னு நெனச்சிருக்கும்" என்றார்.

பாரேன், நம் சின்ன வயதில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தோமே உதயகிரிக் கோட்டை, 1741 குளச்சல் போருக்குப் பிறகு பிடிபட்ட டச்சுக்காரன் டிலனாய் மகாராஜாவுக்குப் பட்டாளம் பழக்கி, அங்கேயே பீரங்கி வார்த்தான் என்று வாத்தியார் சொன்னபோது நான் நம்பவில்லை. அதற்கு அங்கே கல்லறையே சாட்சி இருக்கிறது. சாட்சியே இல்லாத துரையை மட்டும் நம்பினேன்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கிற சுருள் வரி புத்தம் புதிதாக இருக்கிறது, சிலிண்டர் முகத்தில் மருந்து எரிந்த கறையே இல்லை. ஆனால் சிலிண்டரைச் சுற்றி நீலம் தேய்ந்து ஒரு கோடு ஓடுகிறது, அதுவும் ஆழமாக. சிலிண்டரைப் பூட்டுகிற நாக்கு உரசி உரசி விழுகிற கோடு. "சுடல. ஆனா யாரோ வெறும் துப்பாக்கிய வருஷக்கணக்கா சொடுக்கியிருக்காங்க."

தாத்தாதான் என்று நினைத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "தாத்தா எங்க, உங்க அப்பாதான். நீங்கல்லாம் தூங்கின பெறகு கதவச் சாத்திக்கிட்டு டக்கு டக்குன்னு. கூட்டுறவு பேங்குல பிரச்சினை வந்த வருஷம் தெனமும்" என்றாள். நம் கணக்குப்பிள்ளை அப்பா, மணி. கொசுவைக்கூட ஊதித் தள்ளுகிற மனுஷன். சுவரில் யாரை நிறுத்தி வைத்துக் குறி பார்த்தாரோ.

போன மாதம் ஒரு ரைபிள் கிளப்பில் முன்கூட்டிச் சொல்லி, புதுத் தோட்டா வாங்கிக்கொண்டு போய்ச் சுட்டேன். பத்து மீட்டரில் அட்டை. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. முதலில் குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்கிற சுத்தியலை, பின்னால் இழுத்து வைத்துவிட்டு விசையை அழுத்தினேன். எதிர்பார்த்த அடி இல்லை, மணிக்கட்டை யாரோ லேசாகத் தட்டிய மாதிரி. .32-இல் உதைப்பு குறைவு, இருபத்தைந்து மீட்டர் போட்டிக்காரர்கள் இதே தோட்டாவில் தட்டைமுனைக் குண்டு வைத்துச் சுடுவதும் அதனால்தானாம். குதிரையை இழுக்காமல் விசையை மட்டும் அமுக்கிச் சுட்டபோது கதை மாறிவிட்டது. விரல் நடுங்குகிறது, குறிமுள் நாலு பக்கமும் அலைகிறது. இருபத்து நாலு குண்டில் அட்டையில் பட்டது பதினேழு, எல்லாம் இடதுபக்கம் கீழே. என்னோடு வந்த பையன் துப்பாக்கியில் குறை என்றான். நான் மறுக்கவில்லை.

பிடித்தது எது தெரியுமா, சுட்டு முடித்துத் திறப்பது. இடதுபக்கத்தில் கட்டைவிரலுக்கு மேலே உள்ள நெம்பை அமுக்கினால் குழல் முன்பக்கமாக மடிகிறது, நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற தகடு எழுந்து ஆறு காலித் தோட்டாவையும் ஒரே தள்ளில் வெளியே போடுகிறது. அதற்காகவே இன்னொரு ரவுண்டு சுட்டேன். காலிகளை எண்ணி எடுத்துக்கொண்டேன், அடுத்த தடவை தோட்டா வாங்கும்போது கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும்.

அம்மா ஒன்றை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "சத்தம் பெருசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவர் ஒரு தடவையாவது போய்ச் சுட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அதைத் தீப்பெட்டிப் பக்கத்தில் வைத்தாள். கணக்குக்கு வேண்டும் என்று நான் திரும்ப எடுத்துக்கொண்டேன், இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது அது உறையில் இல்லை. எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, பூட்டிய இரும்புப்பெட்டியில். மாதம் ஒருமுறை துடைக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்தால் காட்டுகிறேன். காட்டுவதோடு சரி, கையில் தரமாட்டேன், உரிமம் என் பேரில். உன் பேரனிடம் துரை கதையைச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் என்ன சொல்வது என்று நீயே யோசித்துக்கொள். வரும்போது மட்டிப்பழம் வாங்க வேண்டாம், நம் தோட்டத்தில் குலை முற்றி நிற்கிறது.

உன்
நாகு