பஞ்சாபின் இன்னொரு பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பஞ்சாப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். பொற்கோயில், லங்கர் என்ற பொதுச் சமபந்தி, வைசாகித் திருநாள், பாங்ரா நடனம் எல்லாம் இருந்தன. ஆனால் பஞ்சாபியர் என்றாலே சீக்கியர்தான் என்பதுபோல எழுதியிருக்கிறது, பாகிஸ்தான் பக்கத்துப் பஞ்சாபின் தலைநகரான லாகூரின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்து ஆறுகளின் நாடு என்றுதானே பெயர்? அவற்றில் ஜீலமும் செனாபும் இன்றைய இந்திய பஞ்சாபுக்குள் வருவதே இல்லை. சீக்கியரின் முதல் குருவான குருநானக் 1469-ல் பிறந்த நன்கானா சாகிபும், கடைசிக் காலத்தில் உழுது வாழ்ந்த கர்தார்பூரும் பாகிஸ்தானில் இருக்கின்றன. கர்தார்பூர் எல்லையிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரம்தான், 2019-ல் யாத்திரை வழி திறக்கும்வரை பக்தர்கள் இந்தியப் பக்கத்து ஊரான தேரா பாபா நானக்கில் நின்று பைனாகுலரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாகிஸ்தானில் மிக அதிகம் பேருக்குத் தாய்மொழி பஞ்சாபிதான், அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்தப் பக்கம் இந்துப் பஞ்சாபியரும் ஏராளம்.

நான் லூதியானாவில் சைக்கிள் பாகம் செய்யும் ஒரு பட்டறையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவன். நான் குடியிருந்த வீட்டுக்காரரின் அப்பா லயல்பூரில் பிறந்தவர், பாகிஸ்தானில் இருக்கும் அந்த ஊருக்கு இப்போது ஃபைசலாபாத் என்று பெயர். சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் மணிக்கூண்டு, அதைச் சுற்றி எட்டுக் கடைவீதி என்று என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஊரை வரைந்து காட்டுவார், அப்புறம் எந்த வீதியில் அவர் அப்பாவின் துணிக்கடை இருந்தது என்று விரலை வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். பிரிவினைக்கு முன் பள்ளியில் உருது படித்தவர் என்பதால், வீட்டுக் கதைகளையெல்லாம் பஞ்சாபி மொழியிலேயே, ஆனால் உருதுபோல வலமிருந்து இடமாக ஓடும் ஷாமுகி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பேரன் படித்ததோ இந்தியப் பஞ்சாபில் வழங்கும் குர்முகி எழுத்து. தாத்தா வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரியும், நோட்டைக் கையில் கொடுத்தால் ஒரு வரி ஓடாது. ஒரே மொழி பேசும் ஒரே வீட்டில் இப்படி ஆனது.

இரு நாடுகளுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்பதையே சுதந்திரத்துக்கு இரண்டு நாள் கழித்து, 1947 ஆகஸ்ட் 17-ல்தான் வெளியிட்டார்கள். அந்தப் பிரிவினையில் இடம்பெயர்ந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல், பெரும்பாலோர் பஞ்சாபியர். இதைச் சொல்லாமல் அவர்களுடைய வரலாற்றை எப்படி எழுத முடியும்?

பாபா ஃபரீத் என்ற சூஃபியின் அடக்கத்தலம் பாகிஸ்தானில் பாக்பட்டனில் இருக்கிறது, அவர் பாடல்களோ சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் இருக்கின்றன. பாகிஸ்தானின் கசூரில் அடக்கமான சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவை இரண்டு பக்கமும் பாடுகிறார்கள். அடுத்த வைசாகி நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வரும். அன்றைக்கு இவர்கள் பாடல்கள் சிலவற்றைப் பஞ்சாபியிலிருந்தே நேராகத் தமிழாக்கி வெளியிடுங்கள், கூடவே குர்முகியிலும் ஷாமுகியிலும் ஒரு வரியையாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி