கேஷ்பேக் யார் வீட்டுப் பணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்தக் கிரெடிட் கார்டில் அதிக கேஷ்பேக், பாயிண்ட்டை எப்படிச் சேர்ப்பது என்று பத்திரிகைகளில் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுவோர்தான் குறைவு.

வங்கி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. நாம் கார்டைத் தேய்த்ததும் கடைக்காரருக்குப் போக வேண்டிய தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதில் பெரும்பகுதி இண்டர்சேஞ்ச் என்ற பெயரில் நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு வந்து சேர்கிறது, அதில் கொஞ்சம் கிள்ளித்தான் நமக்கு கேஷ்பேக். கடைக்காரர் சும்மா இருப்பாரா? முடிந்த வரை விலையில் ஏற்றிவிடுவார். ஏற்றிய விலை ரொக்கம் கொடுப்பவருக்கும் அதேதான். கார்டு கேட்டும் கிடைக்காதவர்களும் அப்படி ரொக்கம் கொடுப்பவர்களில் உண்டு. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் ஓர் அங்கமான பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார வல்லுநர்கள் 2010-ல் இதைக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ரொக்கத்தில் செலவு செய்யும் குடும்பத்திடமிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் கார்டுக்காரர்கள் பக்கம் போகிறது, கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1,133 டாலர் வருகிறது என்றார்கள். வருமானம் கூடக் கூட கார்டுச் செலவும் சலுகையும் கூடுவதால், இல்லாதவர் பணம் இருப்பவருக்குப் போகிறது என்பதே அவர்கள் கண்டது.

சந்தேகம் இருந்தால் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே ரிசர்வ் வங்கி 2003-ல் இண்டர்சேஞ்சைக் குறைத்தது, உடனே பாயிண்ட்டின் மதிப்பும் இறங்கியது, வருடக் கட்டணமும் ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் கிரெடிட் கார்டு இண்டர்சேஞ்சுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. கட்டணம் குறைந்த அளவுக்குக் கடை விலையும் குறைந்ததா என்பதில் பொருளாதாரக்காரர்களுக்குள்ளேயே சண்டை, அது வேறு கதை.

இதெல்லாம் கடைப்பக்கம். வாடிக்கையாளர் பக்கம் வந்தால் வட்டி. ஒரு சதவீதம் கேஷ்பேக், மாத வட்டி மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10,000-க்கு வாங்கினால் 100 திரும்பி வரும். கெடு தேதியில் 9,000 கட்டிவிட்டு, பாக்கி ஆயிரம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பல கார்டு ஒப்பந்தங்களில் வட்டி அந்த ஆயிரத்துக்கு மட்டும் இல்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்து முழு 10,000-க்கும் போடப்படும். வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தால் வட்டியே 300 ஆகிவிடும். அதோடு பாக்கி தீரும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டி, வாங்க நினைத்ததை மட்டும் வாங்குகிறவருக்கு லாபம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் செலவழித்தால் வருடக் கட்டணம் இல்லை, இத்தனை தாண்டினால் போனஸ் பாயிண்ட் என்று திட்டங்களைப் போடுவதே நம்மை நினைத்ததற்கு மேல் வாங்க வைக்கத்தான். சேர்த்த பாயிண்ட்டுக்கும் பல கார்டுகளில் காலாவதி உண்டு. அதன் மதிப்பை வங்கி நினைத்தால் குறைக்கலாம். இப்படி ஒரு பணத்தைச் சேமிப்பு என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அமெரிக்காவில் 2009-ல் வந்த கார்டுச் சட்டப்படி, மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்று மாத ஸ்டேட்மென்ட்டிலேயே அச்சிட வேண்டும். எல்லா நாட்டு வங்கிகளும் இதைச் செய்யலாம், கூடவே இன்னொன்றும்: இந்த வருடம் கிடைத்த கேஷ்பேக் இவ்வளவு, கட்டிய வட்டியும் கட்டணங்களும் இவ்வளவு என்று இரண்டையும் ஒரே எழுத்து அளவில் பக்கத்துப் பக்கத்தில் போடட்டும். சலுகை விளம்பரத்தைக் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்