இரும்புத் தொப்பியைத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ராணுவ ஹெல்மெட்டுகளுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைப்பதாகத் தங்கள் நாளிதழில் செய்தி வந்தது முதல், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பரணில் கிடந்தவை எல்லாம் பாலிஷ் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மனம் பதைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பீளமேட்டில் வார்ப்படத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கவசங்களைச் சேர்ப்பவன். இங்கே கிடைப்பவை பெரும்பாலும், வாணலியைக் கவிழ்த்தது போன்ற பிரிட்டிஷ் படைக் கவசங்கள். 1915-இல் ஜான் பிராடி காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இரண்டாம் உலகப் போருக்கு வந்தது அதன் திருத்திய வடிவமான மார்க் 2. இங்கிலாந்தில் செய்த போர்முனைக் கவசம் மாங்கனீசு எஃகு. ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசு கலந்த அந்த எஃகில் காந்தம் பிடிக்காது. கல் கிரஷரில் கல்லை நொறுக்கும் ஜா பிளேட் தகடுகளும் இதே எஃகுதான்; அவற்றை வார்த்த கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் இருப்பதிலேயே நல்ல கவசம், காந்தம் ஒட்டவில்லை என்று உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒதுக்கிப் போட்டதுதான். ஊர்க்காவல் பணிக்கென்று சாதாரண இரும்பில் செய்தவற்றில் காந்தம் கப்பென்று பிடிக்கும். அவற்றுக்கு விலையும் குறைவு.

கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த கவசத்தைப் பார்த்தேன். பின்பக்க விளிம்பில் வரிசையாக மூன்று துளைகள். அப்பாருவின் மேல் குண்டு பாய்ந்த அடையாளம் என்று பேரன் நம்பிக்கொண்டிருந்தார். அவை குண்டுத் துளைகள் அல்ல. தென்னாப்பிரிக்காவில் செய்த மார்க் 2 கவசங்களில், பிடரியை மறைக்கும் துணியைக் கட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்டவை. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட படைகளுக்கு அவை ஏராளமாகப் போயின. நம் 4-ஆவது இந்திய டிவிஷனும் அங்கேதான் போரிட்டது. துருவுக்கு அடியில் மணல் நிறப் பூச்சு தெரிந்தது. உட்புறம் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண். அந்த எண்ணை வைத்துப் பெரியவர் எந்தப் படைப்பிரிவு என்று தேடியிருக்கலாம். மறுமுறை போனபோது கவசம் மணல் வீச்சில் வெளுத்து, கறுப்புப் பவுடர் கோட்டிங் பூசிப் பளபளவென்று மேசை மேல் இருந்தது. எண் போய்விட்டது. பாலிஷுக்குக் கொடுத்த கூலிகூட இனி அதற்குத் தேறாது.

சேகரிப்பவர் பணம் கொடுப்பது வெறும் இரும்புக்கு அல்ல. அசல் பூச்சு, உள்ளே உச்சியில் ஒற்றைத் திருகில் நிற்கும், தலையில் படியும் உறை, தாடைப்பட்டை, முத்திரை, வீரரின் பெயரோ எண்ணோ, இவைதாம் விலை. உறை இற்றுப்போயிருந்தாலும் கழற்றி எறியக்கூடாது. அளவும் ஆண்டும் பெரும்பாலும் அதிலேதான் அச்சிட்டிருக்கும். மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எலுமிச்சை, புளி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம்.

முதல் உலகப் போர்க் கவசம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அயல்நாட்டு விலை சொல்லி ஆசை காட்டுபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வெளியிடும்போது, கவசத்தின் உட்புறப் படத்தையும் சேர்த்துப் போடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்ப்படத் தொழிலாளி,
பீளமேடு, கோவை.