பதிவேட்டையும் பழைய நோட்டுகளையும் தந்தவர்களுக்குச் சபையின் நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பிழைப்புக்காக ஊரை விட்டுப் போயும் சபையை விடாத உறவின்முறையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கைகொடுத்த அன்பர்களுக்கும் வரலாற்றுக் குழுவின் ஸ்தோத்திரம்.

நமது சபையின் வரலாறு அச்சாகி, சென்ற பிரதிஷ்டைப் பண்டிகை ஆராதனையில் பலிபீடத்தின்முன் வைத்துப் படைக்கப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். முன்னுரையில் நன்றி கூற ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தோம். சேகர குருவானவர், பரிபாலனக் கமிட்டியார், அச்சுச் செலவைத் தாங்கியவர்கள் என்று எழுதி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. அந்த நூல் யாரால் உண்டானதோ அவர்களில் பாதிப்பேருக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மடலை எழுதுகிறோம். பெயர் போட வேண்டாமென்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும், ஊருக்கும் தெரிந்துவிடும்.

வேலையைத் தொடங்கியபோது எங்களிடம் இருந்தது பழைய விழா மலர் ஒன்று மட்டுமே. அதன்படி நமது வரலாறு மிகச் சுருக்கமானது: வெள்ளைக்கார ஐயர் (மிஷனெரி) ஒருவர் தேரி மணலில் குதிரையேறி வந்தார், ஓலைக்கோயில் கட்டினார், சபை வளர்ந்தது. நாங்களும் முதல் வரைவை அப்படியே எழுதி, வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை நான்கு நாள் வைத்திருந்து, முதல் அத்தியாயம் முழுவதையும் பென்சிலால் குறுக்கே கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆனால் நூலுக்கு நேர்ந்த முதல் நன்மை அதுவே.

திருநெல்வேலிச் சீமையில் சபை பிறந்த கதையை ஜெர்மானிய மிஷனெரியான ரேனியஸ் ஐயரிலிருந்து தொடங்கக் கூடாது என்பது அவருடைய வாதம். ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல்தான். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1780இல், பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவையே அந்தச் சபைக்கு ஆணிவேர். 1785இல் பிரதிஷ்டையான கோயிலை மக்கள் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். உபதேசியாராக உழைத்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். சாத்தான்குளத்துக்கு அருகில் 1799இல் நிலம் வாங்கி, துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளைக் குடியேற்றி, முதலூர் என்ற ஊர் உருவாக முன்னின்றவர் இந்த மண்ணில் பிறந்த தாவீது சுந்தரானந்தம். ஆக, கதையின் தொடக்கத்தில் நிற்பவர்கள் ஒரு விதவைப் பெண்ணும் நாட்டு உபதேசிமாருமே. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அதே சமயம் வெள்ளைக்கார ஐயர்மாரின் உழைப்பைக் குறைத்து எழுதிவிடவும் கூடாது என்று எச்சரித்த அந்தப் பெரியவருக்கு எங்கள் முதல் நன்றி. நிலமில்லாத விசுவாசிகளுக்கு ஊர் வாங்கிக் கொடுக்க ரேனியஸ் 1830இல் தருமச் சங்கம் ஏற்படுத்தியதையும், கால்டுவெல் ஐயர் இடையன்குடிக் கோயிலுக்கு 1847இல் அடிக்கல் நாட்டி 1880இல்தான் பிரதிஷ்டை செய்ய முடிந்ததையும் அவர் சொல்லியே நூலில் சேர்த்தோம். நமது பாடகர் அறை கட்டி முடிய ஒன்பது ஆண்டுகள் ஆனதைக் குறைசொல்லிக்கொண்டிருந்தவர்கள், அந்த 33 ஆண்டுக் கணக்கைப் படித்தபின் சற்று அமைதியாகிவிட்டார்கள்.

அடுத்து, கோயிலைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் நமது கோயில் குட்டியாருக்கு. ஞானஸ்நானப் பதிவேட்டின் பழைய தொகுதி இன்னும் உதிராமல் இருப்பதற்கு அவரும் அவருடைய தகப்பனாருமே காரணம். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் இரும்புப் பெட்டியைத் திறந்து, பதிவேட்டை வெயில் படாமல் காற்றாட வைத்து, காய்ந்த வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே இட்டு மூடுவதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சம்பளத்தில் அது சேர்ந்ததுமில்லை. அந்தப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தொழில் என்ற பத்தி. மேலே ஓரிடத்தில் பனையேற்று என்று எழுதி, அதற்குக் கீழே பக்கம் முழுவதும் ௸, ௸ என்று மேற்படிக் குறியைத் தவிர வேறொன்றும் இல்லை. இடப்பக்கத்தில் சுடலை என்றும் மாடன் என்றும் தொடங்கிய பெயர்கள் வலப்பக்கத்தில் ஞானம் என்றும் வேதம் என்றும் தொடங்குகின்றன. 1877ஆம் ஆண்டின் ஒரு பக்கத்தில் ஒரே நாள் தேதியில் 11 பெயர்கள். தகப்பன், தாய், பிள்ளைகள், கடைசியில் கைக்குழந்தை ஒன்று. அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே, ஓரத்தில், வேறு மையில் ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைச் சொல்.

அது தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டிய காலம். அந்தப் பஞ்ச ஆண்டுகளில் திருநெல்வேலிச் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள்; கஞ்சிக்கு வந்த கிறிஸ்தவர்கள் என்ற ஏச்சும் அவர்களோடு வந்து சேர்ந்தது. அந்த ஏச்சுக்குப் பதில் எழுதுவதா, பேசாமல் கடந்து போவதா என்று குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அதைத் தீர்த்துவைத்தவர் நமது நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். பஞ்ச காலத்தில் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்தையும் எடுத்து, அதன் பிள்ளைகள் பின்னர்த் திடப்படுத்தல் பட்டியலிலும், திருமணப் பதிவேட்டிலும், அடக்கப் பதிவேட்டிலும் வருகிறார்களா என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து ஒப்பிட்டார். சில குடும்பங்கள் மழை பெய்தபின் திரும்பிப் போய்விட்டன, அதை மறைக்கவில்லை. ஆனால் பெரும்பான்மையானோர் தலைமுறை தலைமுறையாக அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். பசியால் வந்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், பசி தீர்ந்தபின் ஏன் தங்கினார்கள் என்ற கேள்வியை அவர் கணக்கைக் கொண்டே எழுப்பிவிட்டார். டீச்சர், அந்த அத்தியாயம் உங்களுடையது.

பஞ்சத்துக்கு முந்திய காலத்துக்கு நம்மிடம் தாள் எதுவும் இல்லாதிருந்தது. நமது ஊர் சி.எம்.எஸ். பக்கம், ஓடைக்கு அப்பால் உள்ள ஊர் எஸ்.பி.ஜி. பக்கம்; இரண்டும் இங்கிலாந்து மிஷனெரிச் சங்கங்கள். முன்பெல்லாம் பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் இதையும் ஒரு பேச்சாகப் பேசுவார்களாம். சி.எம்.எஸ். சங்கத்தின் பழைய காகிதங்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே தம் சொந்த ஆராய்ச்சிக்காகச் சென்ற மாணவர் ஒருவர், நமது ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகப் பிழையாக எழுதியிருக்க முடியுமோ அத்தனை விதமாகவும் தேடிப் பார்த்து, கண்ட இடத்தையெல்லாம் நகலெடுத்து அனுப்பினார். அவர் நமது சபையைச் சேர்ந்தவரும் அல்லர், நமக்கு உறவும் அல்லர்.

இனி, நாங்கள் பிழைபட எழுதித் திருத்தப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும். ஓலைக்கோயிலை மாற்றி ஓட்டுக்கோயில் கட்டியது முழுவதும் சங்கத்தின் பணத்தால் என்று வரைவில் எழுதி, அதை ஞாயிறு ஆராதனைக்குப்பின் வாசித்தும் காட்டினோம். கீழத்தெரு ஆச்சி ஒருவர் பாயிலிருந்து எழுந்து, “ஓடு போட்டது சங்கம். உத்தரம் போட்டது எங்க வீட்டுப் பொம்பளைங்க. அதையும் எழுதுங்க ஐயா” என்றார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, சேலை மடிப்புகளுக்கு அடியில் கைவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். அவருடைய மாமியாரின் மாமியார் எழுதிய பிடியரிசிக் கணக்கு அது. சோறு வடிப்பதே வாரத்தில் சில நாள்தான் என்றிருந்த காலத்திலும், உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, வாரக்கடைசியில் கோயிலில் கொட்டி அளந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு படியும் உழக்குமாகக் கணக்கு இருக்கிறது. அரிசி இல்லாத வீட்டுக்குக் கருப்பட்டி என்றிருக்கிறது. ஒரு வாரத்துக்கு நேரே, ‘பதநீர் ஓய்ந்துவிட்டது, ஒன்றுமில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கங்களில் உத்தரத்துக்கு மரம் வாங்கிய வண்டிக்கூலி முதற்கொண்டு எல்லாம் பதிவாகியிருக்கிறது.

எந்த அறிக்கையிலும் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆச்சி, நீங்கள் அன்று எழுந்து நின்றிராவிட்டால் நாங்கள் பொய்யையே அச்சிட்டிருப்போம்.

தெற்குத்தெருக் குடும்பங்களுக்குச் சொல்லும் நன்றி சற்றுத் தயக்கத்தோடு வருகிறது. ஒரு காலத்தில் அவர்கள் கோயிலின் பின்பகுதியில் தனியே உட்காரவைக்கப்பட்டதையும், நற்கருணைக்குக் கடைசியில் வரச் சொல்லப்பட்டதையும் நூலில் எழுதலாமா என்று கேட்டபோது, எழுத வேண்டாமென்று சொன்னவர்கள் அவர்கள் அல்லர், நம்மில் மற்றவர்கள்தாம். சாதிகள் கலந்திருந்த 1780ஆம் ஆண்டுப் பட்டியலை முதல் அத்தியாயத்தில் பெருமையாக எழுதிவிட்டு, நம்முடைய கோயிலில் நடந்ததை விட்டுவிடுவது நேர்மையாகாது என்று குழுவில் பலருக்கும் தோன்றியது. தெற்குத்தெருப் பெரியவர்கள் மூன்று மாலைகள் எங்களோடு உட்கார்ந்து, யாரையும் தூற்றாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். அந்தப் பகுதி நூலில் இரண்டு பக்கமே. ஆனால் எழுதி முடிக்க அதிக நாள் எடுத்தது அதுதான்.

1896இல் திருநெல்வேலி அத்தியட்சாதீனம் (பேராயர் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலம்) ஏற்பட்டது, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உதயமானது, 2003இல் நாம் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலத்தோடு சேர்ந்தது ஆகிய நிர்வாக மாற்றங்களை ஒரே பக்கத்தில் முடித்துவிட்டோம். அவை பிற நூல்களில் விரிவாகவே இருக்கின்றன. ஆனால் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கு நமது ஏழைச் சபையும் காணிக்கை அனுப்பத் தொடங்கியதை விரித்து எழுதினோம். பெற்றுக்கொண்டிருந்த சபை கொடுக்கத் தொடங்கிய இடம் அல்லவா அது! அந்தப் பற்றுச்சீட்டுகளைக் கம்பியில் குத்தியபடியே காத்துவைத்திருந்த பழைய கணக்கரின் பேரனுக்கு நன்றி.

சபைக்கு வெளியே உள்ள இருவரைக் குறிப்பிடாவிட்டால் இம்மடல் குறைபட்டுப்போகும். கோயில் நிலத்தின் பழைய பத்திரத்தைக் கூட்டெழுத்தும் தமிழ் எண்களுமாகக் கண்டு நாங்கள் திகைத்தபோது, அதை நீரோட்டமாக வாசித்துக் காட்டியவர் முன்னாள் கர்ணம் வீட்டுப் பெரியவர். அவர் அம்மன் கோயில் தருமகர்த்தாவும்கூட. கோபுரம் எழும்புவதற்கு முந்திய நமது கோயிலின் ஒரே புகைப்படம் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைச் சுவரில் மாட்டியிருந்தது. கடைக்காரர் அதைக் கழற்றிக் கொடுத்ததோடு, படம் திரும்பி வரும்வரை அந்த ஆணியில் வேறெதையும் மாட்டவில்லை.

மும்பையிலும் சென்னையிலும் கொழும்பிலும் இருந்து தாத்தா பாட்டியரின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் பலர். சில படங்களில் இருப்பவர் யாரென்று குடும்பத்துக்குள்ளேயே சண்டை நடந்ததால் அவற்றைச் சேர்க்க இயலவில்லை, பொறுத்தருள்க. மெய்ப்புத் திருத்திய இளைஞர் ஐக்கியத்தாருக்கும், இரவு பத்து மணிக்கும் திருத்தங்களை வாங்கிக்கொண்ட அச்சகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வாங்கியவற்றையெல்லாம் திருப்பி ஒப்படைத்துவிட்டோம். பதிவேடு இரும்புப் பெட்டிக்குள் புது வேப்பிலையோடு இருக்கிறது. புகைப்படம் மளிகைக்கடை ஆணிக்குத் திரும்பிவிட்டது. பிடியரிசி நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அதைக் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தோம். ஆச்சி யோசித்துவிட்டு, “நான் இருக்கிறமட்டும் இங்கே கிடக்கட்டும், பிறகு வந்து எடுத்துக்கோங்க” என்று சொல்லி, அதை மறுபடியும் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

கர்த்தருடைய பணியில்,
சபை வரலாற்றுக் குழுவினர்