தோட்டத்தைப் பிரிக்கும்போது கிணற்றையும் தடத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளைஞர்கள் ஏன் விவசாயத்துக்கு வரத் தயங்குகிறார்கள் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை இல்லை, ஆள் கிடைக்கவில்லை, மழை ஏமாற்றுகிறது என்று அதில் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அப்பா கையிலிருந்து பிள்ளை கைக்கு நிலம் எப்படிப் போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஈரோடு மாவட்டத்தில் தோட்டத்திலேயே குடியிருந்து பண்ணையம் பார்க்கிறவர்கள் நாங்கள். விலை இறங்கியதால் கெட்ட தோட்டங்களைவிட, பாகம் பிரித்த விதத்தால் கெட்ட தோட்டங்களைத்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பார்க்கிறேன்.

எங்கள் அப்பா வீட்டுத் தோட்டம் மூன்று ஏக்கர், மஞ்சளும் கரும்பும் மாறி மாறி விளைந்த பூமி. அப்பா எதையும் எழுதி வைக்காமல் போய்விட்டார். அண்ணன்மார் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துக்கொண்டார்கள். தடம், அதாவது வண்டிப் பாதை, தெற்கே இருப்பதால் மூவருக்கும் தடம் ஒட்டிய பாகம் வேண்டும். அதனால் தென்வடலாக மூன்று நீள நாடாக்கள். டிராக்டர் திரும்பவே இடம் பத்தாது. கிணறு மேற்கு ஓரத்தில், பெரியண்ணன் பாகத்தில். பத்திரத்தில் "கிணற்றில் பொதுவில் மூன்றில் ஒரு பாகமும், மாமூல் தட பாத்தியமும்" (வழக்கமான பாதையில் போய்வரும் உரிமை) என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்பா மண்ணுக்கடியில் கிழக்குக் கடைசி வரை போட்ட பைப் லைனைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசி அண்ணனுக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் அது இரண்டு பேர் நிலத்துக்கு அடியில்தான் போக வேண்டும். நடு அண்ணன் உழும்போது பைப் உடைந்தால் யார் சரி செய்வது? மின் இணைப்பு அப்பா பெயரிலேயே இருந்தது. மோட்டார் காயில் போனால் யார் காசு? கரண்ட் வருகிற நேரத்தில் யாருடைய முறை? இதற்கெல்லாம் பதில் எழுதப்படவில்லை. பேச்சு நின்று போனது. கடைசி அண்ணன் பாகம் இன்று முள்ளும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கிறது. அந்த மண்ணில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் போய்ச் சேரவில்லை.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் சாகுபடி செய்யும் மொத்த நிலத்தின், சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதை இன்னும் இரண்டாக, மூன்றாக வகுந்தால் என்ன மிஞ்சும்? எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். பண்ணையம் பார்க்கப் போகிறவர் யாரோ அவர் கையில் தோட்டம் முழுசாகப் போகட்டும். மற்ற பிள்ளைகளுக்கு வீடாக, நகையாக, தவணைப் பணமாக நியாயமான பங்கு போகட்டும். இதை அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கும்போது, எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி எழுத வேண்டும். சாவு வீட்டில் பதினாறாம் நாள் பேசினால் கோபம்தான் பேசும்.

பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணமான மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது. ஆனாலும் எங்கள் ஊரில் இன்றைக்கும் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் தயாரான பிறகுதான் அக்கா தங்கைகளுக்கு போன் போகிறது. நானும் கையெழுத்துப் போட்டவள்தான். அண்ணன்மார் கெட்டவர்கள் இல்லை, சீர் செய்தார்கள், பிரசவம் பார்த்தார்கள். ஆனால் "உனக்கு என்ன வேண்டும்" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்புறம், உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் தெருவில் விட்டுவிடுவார்களே என்ற பயம். நியாயமான பயம்தான். சொத்தைப் பிள்ளைகளுக்குத் தானமாக எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகிவிட்டால் நினைத்த மாதிரி ரத்து செய்ய முடியாது. அதனால் பத்திரத்திலேயே ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து, பிள்ளைகள் கைவிட்டால், மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். அதற்கும் மனசு வரவில்லையா, உயிலாவது எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

எதுவுமே எழுதாமல் விட்டால், உழைக்கிற பிள்ளைக்குத்தான் அடி. பட்டாவில் தாத்தா பெயர் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் கேட்பார்கள். பிரதமரின் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய் வாங்கவும் நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். வாரிசுச் சான்று வாங்கி, ஊர் ஊராக இருக்கும் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கி, கூட்டுப் பட்டாவாக மாற்றி, பிறகு உட்பிரிவுக்கு சர்வேயரைக் கூட்டி வருவதற்குள் அவன் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவான். பெயர் மாறினாலும் சில வீடுகளில் பிடி மாறுவதில்லை. நாற்பது வயது மகன், என்ன விதைப்பது என்பதையும் அப்பாவிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், உரம் வாங்கவும் அவரிடம் கை நீட்ட வேண்டும். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் தர மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்புகிறோம். தன் கையில் ஒரு முடிவும் இல்லாத பையனுக்கு எந்தப் பெண் வீட்டார் தருவார்கள்?

நானும் வீட்டுக்காரரும் சம்பாதித்து வாங்கிய நாலு ஏக்கரை மகள் பெயருக்கு எழுதத் தீர்மானித்திருக்கிறோம். மாடு கன்றோடு கிடக்கிறவள் அவள்தான். கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் மகனுக்கு டவுனில் உள்ள வீடும், ஐந்து வருடத்தில் தங்கை கொடுத்து முடிக்க வேண்டிய ஒரு தொகையும். அவனும் உட்கார்ந்து பேசித்தான் அந்தத் தொகை முடிவானது. கிணறு, போர்வெல், பைப் லைன், மின் இணைப்பு, தடம், பொழியில் (எல்லை வரப்பில்) நிற்கும் தென்னை என ஒவ்வொன்றும் தனித்தனி வரியாகப் பத்திரத்தில் வரப்போகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அனுபவமுள்ள வழக்கறிஞர்களையும் பத்திர எழுத்தர்களையும் கொண்டு, விவசாயக் குடும்பத்துக்கான மாதிரி பாகப் பத்திரம், செட்டில்மெண்ட், உயில் மூன்றையும் சாதாரணத் தமிழில் உங்கள் இதழில் வெளியிடுங்கள். தை மாதத்துக்கு முன்பே வந்தால் நல்லது. அறுவடை முடிந்து, பொங்கலுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருக்கும் சமயம் அதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.